பரவைக்கடலா, தீவுப்பக்கமா, பருத்தித்துறையா? குடும்பத்தோடு ஒரு நாள் மீன்பிடிக்கப் போவதென்றால்

மச்சாள் குடும்பம் ஆடியில் ரொறன்ரோவிலிருந்து வருகிறது. போன மாதமே தொலைபேசியில் சொல்லிவிட்டார்: "இந்த முறையும் கோயில், கலியாணவீடு, சொந்தக்காரர் வீடு எண்டு மட்டும் திரிய ஏலாது. பெடியன் மீன் பிடிக்க வேணும் எண்டு நிக்கிறான். தெரிஞ்ச ஆள் ஆரையும் பிடிச்சு ஒரு நாள் கடலுக்குப் போவம்."

பெடியனுக்கு 15 வயது. ஒன்ராறியோ ஏரிகளில் தகப்பனோடு தூண்டில் போட்டுப் பழகியவன். தூண்டில் தடியும் றீலும் ஏற்கனவே பெட்டிக்குள் போய்விட்டனவாம். அவனோடு தாய், தகப்பன். எங்கள் பக்கம் நான், என் கணவர், 11 வயது மகன், 6 வயது மகள். ஏழு பேர் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமி, "நானும் வாறன்" என்றார். 68 வயது. நயினாதீவு லோஞ்சைத் தவிர வேறு எந்தப் படகிலும் ஏறாதவர். அதோடு நான் போட்ட கணக்கு முழுவதும் மாறிப்போனது.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர், கடற்கரைக் குடும்பம் இல்லை. மீனைச் சந்தையில் பார்த்துப் பேரம் பேசத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்ட அனுபவம் இருக்கிறது. கடந்த சில கிழமைகளாகப் பாசையூர், குருநகர், பருத்தித்துறை என்று கடற்றொழிலாளர்களைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் தெளிந்தும் இருக்கிறேன். இதே யோசனையில் வேறு ஆட்களும் இருக்கக்கூடும்.

சுட்டுக்கொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன், பொங்கல் விடுமுறை. வடமராட்சிப் பக்கம் படகு வைத்திருக்கும் ஒருவரை யாரோ சொல்லி, யாரோ கேட்டு ஒழுங்கு செய்தார்கள். புட்டும் சம்பலும் சாப்பிட்டு ஆறுதலாகக் கிளம்பி, கடற்கரைக்குப் போய்ச் சேர ஒன்பது மணி. கரையில் நின்று பார்க்க அலை பெரிதாகத் தெரியவில்லை. படகு வானைத் தாண்டி வெளியே போனதும்தான் விளங்கியது. வடமராட்சியில் கரையை ஒட்டிக் கல்லும் முருகைப் பாறையும் படுத்துக் கிடக்கும். அதை வெட்டிப் படகு போய்வர வைத்திருக்கும் வழியைத்தான் அங்கே வான் என்பார்கள். உள்ளே நிற்கும்வரை எல்லாம் அமைதி. வெளியே போன பத்தாவது நிமிடம் மகள் வாந்தி எடுத்தாள், அவளைப் பார்த்து மகன், மகனைப் பார்த்து நான். பெரியவர்களுக்கான லைஃப் ஜாக்கெட் இரண்டு இருந்தது, சின்னவர்களுக்கு ஒன்றுமே இல்லை. கணவர் தூண்டிலைத் தண்ணீரில் போடக்கூட இல்லை. முக்கால் மணி நேரத்தில் கரைக்கு வந்து முழுக் காசையும் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்தப் படகுக்காரரை நான் குறை சொல்லவில்லை. சரி, லைஃப் ஜாக்கெட்டுக்காகக் கொஞ்சம் சொல்வேன். மற்றப்படி பிழை எங்களுடையது. தை மாதத்தில் வடக்குக் கரைக்குப் போயிருக்கிறோம்! வாடை நேரே முகத்தில் அடிக்கிற காலம். ஊரில் எந்தத் தொழிலாளியைக் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்.

காற்று

அதனால் இந்த முறை இடத்தைப் பற்றி யோசிக்கும் முன் காற்றைப் பற்றிக் கேட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி மாசி வரைக்கும் வடக்கே இருந்து வாடையும் கிழக்கே இருந்து கொண்டலும். அந்தக் காலத்தில் காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, அப்படியே வடமராட்சி கிழக்கில் மணற்காடு, நாகர்கோவில் வரைக்கும் குடும்பத்தோடு படகேறும் எண்ணத்தையே விட்டுவிடலாம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம். அப்போது எல்லாம் தலைகீழ். தென்மேற்கிலிருந்து வரும் காற்று குடாநாட்டைக் கடந்துதான் வடக்குக் கரைக்கு வர வேண்டும் என்பதால் அங்கே கரையோரம் அடங்கிக் கிடக்கும். தீவுப்பக்கம் துள்ளும். ஆடியில் நெடுந்தீவுக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் அலையைப் பற்றித்தான் சொல்வார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையில் எல்லாப் பக்கமும் ஓரளவு சாந்தம். மீன்பிடிக்கவென்றே நாள் குறிப்பவர்களுக்கு அதுதான் நல்ல காலம். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை நமக்காக நகர்ந்து வராதே.

சரி, ஆடி என்றால் வடக்குக் கரைதான் நல்லது என்று நானும் முதலில் நினைத்தேன். பாசையூரில் ஒரு பெரியவர்தான் குழப்பினார். "பிள்ளை, எஞ்சின் நிண்டுபோனா காத்து உங்களை எங்கை கொண்டுபோகும் எண்டு பாருங்கோ" என்றார். யோசித்தால் சரிதான். சோளகத்தில் பருத்தித்துறைக்கு வெளியே எஞ்சின் நின்றால் படகு கரையை விட்டு விலகி, இந்திய எல்லைப் பக்கமாகப் போகும். அதே சோளகத்தில் யாழ்ப்பாணப் பரவைக்கடலில், அதாவது ஆழமில்லாத களப்பில், எஞ்சின் நின்றால் காற்றே நம்மைப் பாசையூர், கொழும்புத்துறைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆகக் கரையோரம் அமைதியாகத் தெரிவதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. அந்தப் பெரியவர் இதைச் சொன்ன விதத்தில் பயமுறுத்தல் எதுவும் இல்லை, மழை வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

பரவைக்கடல்

யாழ்ப்பாணக் களப்பைப் பற்றி நமக்கே ஒரு இளக்காரம் உண்டு. பண்ணைப் பாலத்தால் போகும்போது இடதும் வலதும் தெரிகிற அந்தத் தண்ணீர், பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவு. அதில் என்ன பெரிய மீன் என்ற நினைப்பு. பெரிய மீன் இல்லைத்தான். கீளி, ஓரா, சின்ன விளைமீன், முரல், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கொடுவா. நண்டும் இறாலும் உண்டு. 15 வயதுப் பெடியனுக்குப் படம் எடுத்து அனுப்புவதற்கு இது போதாது என்று தெரியும்.

ஆனால் அலை இல்லை. ஆழம் குறைவு. அடியில் சாதாழை என்கிற கடற்புல் படர்ந்து கிடப்பது படகிலிருந்தே தெரியும், அதற்குள் ஓடும் குஞ்சு மீன்களும் தெரியும். விரும்பினால் எஞ்சினை நிறுத்திவிட்டு மரக்கோல் ஊன்றிப் போகலாம், சத்தமே இருக்காது. மகளுக்கு மூத்திரம் வந்தால் 15, 20 நிமிடத்தில் கரைக்கு வந்துவிடலாம். இதை யாரும் எழுதுவதில்லை. எட்டுப் பேரில் நாலு பேர் பெண்கள் என்றால் முதல் கேள்வியே இதுதான். தீவுப்பக்கம் படகேறினால் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையை விட்டால் அடுத்த வசதி எங்கே என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பரவைக்கடல் பக்கம் சாய்த்தது இன்னொரு விஷயம்: களங்கட்டி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தடிகளை வரிசையாக ஊன்றி வலையை வேலி மாதிரிக் கட்டியிருப்பார்கள். தண்ணீரோடு வரும் மீன் அந்த வேலியில் முட்டி, அதன் ஓரமாகவே நீந்திப் போய்க் கடைசியில் ஒரு அறைக்குள் நுழையும். நுழைந்த வழி திரும்ப அதற்குத் தெரியாது. விடியற்காலையில் உரியவர் வந்து அந்த அறையிலிருந்து மீனை அள்ளுவார். ஒரு களங்கட்டியை அள்ளும்போது பக்கத்தில் படகை நிறுத்திப் பார்த்தால், தூண்டிலில் ஒரு வருடம் பிடித்தாலும் காணமுடியாத வகையெல்லாம் ஒரே வலையில் வரும். ஊதிப் பெருத்த பேத்தை, வாலை அடிக்கும் திருக்கை, கொடுக்கை விரிக்கும் நண்டு, எப்போதாவது ஒரு கணவாய். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தூண்டில் பிடிக்கும் பொறுமை 20 நிமிடம்தான். அதற்குப் பிறகு இந்தக் காட்சி இருந்தால் மீதி நேரம் தானாகப் போகும். ஒவ்வொரு களங்கட்டிக்கும் உரியவர் இருக்கிறார், தலைமுறையாக வரும் இடங்களும் உண்டு. அதனால் களங்கட்டி வைத்திருக்கிற ஒருவரையே படகோட்டியாகப் பிடித்தால்தான் இது சரிவரும். மற்றவர் தடியில் படகைக் கட்டுவது, வலையைத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் சண்டையில் முடியும். இப்போது சில இடங்களில் கடலட்டைப் பண்ணைகளும் வந்துவிட்டன. வேலி கண்ட இடமெல்லாம் களங்கட்டி என்று நினைத்துக் கிட்டப் போகக் கூடாது. தெரிந்த ஆள் ஏன் வேண்டும் என்றால் இதற்காகத்தான்.

குறையையும் சொல்ல வேண்டும். நிழல் ஒரு பொட்டுக் கிடையாது. வெயில் மேலேயும் அடிக்கும், தண்ணீரில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். சோளகம் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு எழும்பும். பாசையூர்க் கரை தெற்கே பார்த்திருப்பதால் அப்போது இந்தப் பக்கமும் தண்ணீர் தெறிக்கத் தொடங்கும். விடியும் முன் இறங்கி, காற்று எழும்பும் முன் ஏறிவிட வேண்டும். வற்றுப் பெருக்கும் பார்க்க வேண்டும். இங்கே பெருக்கு ஒன்றும் பெரிதாக ஏறுவதில்லை, ஒரு மீற்றர்கூட வராது. ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் முழங்கை அளவு குறைந்தாலே படகு சேற்றில் தட்டும். பிள்ளைகள் தண்ணீரில் இறங்க ஆசைப்பட்டால் சப்பாத்து இல்லாமல் விடாதீர்கள். திருக்கை சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் அது தானே விலகிப் போகும்.

தீவுப்பக்கம்

பெடியனின் மனசு இங்கேதான் இருக்கிறது, என் கணவருடைய மனசும். புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று தீவுகளுக்கு இடையே ஓடுகிற நீரில் பாரையும் சீலாவும் உண்டு. கல்லுள்ள இடங்களில் நங்கூரம் போட்டுக் கைத்தூண்டில் இறக்கினால் கலவாய், நல்ல அளவில் விளைமீன். ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துப் போனால் சீலா பாய்ந்து கவ்வும். அந்த இழுப்பைக் கையில் உணர்ந்தவர்கள் பிறகு வேறு பேச்சுப் பேசமாட்டார்கள். தூண்டில் தடிக்கும் றீலுக்கும் உண்மையான வேலை இருப்பது இங்கேதான். பரவைக்கடலில் அதே தடியோடு போனால் செயற்கை இரை ஒவ்வொரு எறிக்கும் சாதாழையை வாரிக்கொண்டு வரும்.

செலவு கூட. எஞ்சின் நிறைய நேரம் ஓட வேண்டும், இந்தப் படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அந்த நாளிலிருந்து கடலில் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கணக்குப் பார்க்கிறார்கள், பார்க்கத்தானே வேண்டும். விலை பேசும்போது எண்ணெய் சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலே கேட்டுவிடுங்கள். கரைக்கு வந்தபிறகு கேட்டால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் வாகனம் ஓட்டவும் வேண்டும். விடியக் கடலில் நிற்பதென்றால் நாலரை மணிக்குள் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே சோளகம். ஆடியில் மாமியையும் மகளையும் அந்தப் படகில் ஏற்ற என் மனம் ஒப்பவில்லை. இரண்டு பேர் தொழிலுக்குப் போகிற 18 அடி ஃபைபர் படகு அது. அதில் எட்டுப் பேரை ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை விட்டுவிடுங்கள்.

பருத்தித்துறை, வல்வெட்டித்துறை

நான் கண்ட அனுபவத்தால் எனக்கு இந்தக் கரையோடு கோபம் என்று வீட்டில் பகிடி பண்ணுகிறார்கள். அப்படியில்லை. ஆடியில் விடியற்காலை அங்கே கடல் அழகாக இருக்கும், தீவுப்பக்கத்தைவிட வாந்தி குறைவாகத்தான் வரும். கரையிலிருந்து கொஞ்சம் போனதும் ஆழம் வந்துவிடுவதால் நல்ல மீனுக்காக நெடுந்தூரம் ஓட வேண்டியதும் இல்லை. பிள்ளைகள் 12 வயது தாண்டியவர்கள், எல்லோருக்கும் நீந்தத் தெரியும், ஆள் நம்பிக்கையானவர் என்றால் ஆடி, ஆவணியில் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். எஞ்சின் இரண்டு இருக்கிறதா, அல்லது கூடவே இன்னொரு படகு வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

மணற்காட்டுக் கரைவலை

இது படகில்லாத வழி. வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுப்பது இன்னும் இருக்கிறது. படகொன்று வலையை வளைத்து அரைவட்டமாகக் கடலில் இறக்கிவிட்டு வர, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டால் பிள்ளைகளையும் கயிற்றில் கைவைக்க விடுவார். மாமி மணலில் ஒரு பாயைப் போட்டு இருந்து பார்க்கலாம். வலை கரைக்கு நெருங்க நெருங்கச் சனத்தின் சத்தம் கூடும், காகம் கூடும், நாய் கூடும். கடைசியில் நடுமடி வரும்போது சூடையும் நெத்தலியும் பளபளவென்று துள்ளும். தூண்டில் போடும் ஆசை இதில் தீராது. மீன்பிடி என்றால் என்ன என்று ஒரு பிள்ளைக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்லது இல்லை. பக்கத்தில் மணல் மேடுகள், மணலில் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயில். அங்கேயே 2004 சுனாமியில் போனவர்களின் சவக்காலையும் இருக்கிறது, சத்தம் போடாமல் கடந்து போங்கள்.

ஒரே சிக்கல், எந்த நேரம் வலை வரும் என்று நாம் சொல்ல முடியாது. போய்க் காத்திருக்க வேண்டும். சில நாள் வலை நிறைய ஜெலிமீன், அதாவது சொறி, மட்டும் வரும்.

பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம், கசூரினாக் கடற்கரை ஆகியவற்றையும் சொல்லவேண்டும். ஆள் பிடிக்கத் தேவையில்லை, காசு இல்லை, பின்னேரம் ஐந்து மணிக்குப் போய்த் தூண்டில் போடலாம், மீன் படாவிட்டால் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வரலாம். பாலக் கண்களுக்குள்ளால் தண்ணீர் இழுத்து ஓடும் நேரம்தான் மீன் படும், அந்த இழுப்பே பிள்ளைகளுக்கு ஆபத்தும். கையைப் பிடித்தபடி நில்லுங்கள்.

யாரோடு போவது

இடத்தைவிட இதுதான் கஷ்டமான தெரிவு. ஹொட்டேல் மூலம் ஒழுங்கு செய்தால் லைஃப் ஜாக்கெட், ஆங்கிலம், குளிர்ந்த தண்ணீர், தூண்டில் தடி எல்லாம் வரும், விலையும் வரும். பெரும்பாலும் அது சூரியன் மறைவதைப் பார்க்கிற பயணம், நடுவில் கொஞ்சம் தூண்டில். வெளிநாட்டிலிருந்து தனியாக வருபவர்களுக்கு அதுவே சரி. நமக்கு ஆள் தேடிப் பிடிக்க முடியும். எந்தக் கரைக்கும் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்று இருக்கும், அங்கே போய் விஷயத்தைச் சொன்னால் யார் பொறுமையான ஆள், யார் பிள்ளைகளோடு நல்லவர் என்று அவர்களே சொல்வார்கள். நான் அப்படித்தான் பாசையூரில் ஒருவரைக் கண்டுபிடித்தேன். களங்கட்டியும் வைத்திருக்கிறார், பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அவரிடம் கேட்டவற்றில் பயன்பட்டது மூன்று. திரும்புவோம் என்று முடிவெடுப்பது யார் என்று கேட்டேன். "காத்துப் பிழைச்சா நான் திரும்பிடுவன், நீங்கள் கோவிக்கக் கூடாது" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரைப் பிடித்துக்கொண்டது. வெளியாட்களை ஏற்றிப் போவதைக் கடற்படைக்கு அறிவிக்க வேண்டுமா, அதை யார் செய்வது என்று கேட்டேன். தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பிடிபடும் மீன் யாருக்கு என்றும் கேட்டேன். தூண்டிலில் படுவது எங்களுக்கு, களங்கட்டி மீன் அவருக்கு, அதில் வேண்டியதைச் சந்தை விலைக்கு வாங்கலாம். நியாயம். ஒரு நாள் தொழிலை விட்டுத்தானே வருகிறார். மீன் பட்டாலும் படாவிட்டாலும் பேசிய காசு பேசியதுதான், அதில் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. சந்தையில் அந்தச் சங்கடம் எனக்கு வந்ததே இல்லை என்று கணவர் சொல்கிறார்.

லைஃப் ஜாக்கெட் அவரிடம் பெரியவர்களுக்கு மட்டும் இருக்கிறது. சின்ன அளவில் இரண்டு வேண்டும். மச்சாளிடம் சொல்லிவிட்டேன், இந்த முறை பெட்டியில் சொக்கிலேற்றைக் குறைத்து அந்த இரண்டையும் போடச் சொல்லி. அளவு எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பெடியனுடைய தடி வரட்டும், ஆனால் பிள்ளைகளுக்குத் தங்கூசி (நைலோன் நூல்) சுற்றிய கைத்தூண்டில்தான். நல்ல றீல் வாங்கினால் மீன் படும் என்று நம்பும் அப்பாக்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போல. கீளிக்கும் ஓராவுக்கும் வாய் சின்னது. சின்னத் தூண்டில் முள்ளும், ஒரு துண்டு இறாலும், கொஞ்சம் ஈயமும் போதும். விரலிலேயே கொத்துவது தெரியும். ஒன்று கவனம்: ஓராவையும் கெளிற்றையும் பிள்ளைகள் கையால் பிடிக்க விடக்கூடாது. அவற்றின் செட்டை முள் குத்தினால் விஷக் கடுப்பு, பெரிய ஆளே அழுவார். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் கையை அரை மணி நேரமாவது வைத்திருந்தால் கடுப்புத் தணியும், அதற்கு ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டு போகிறோம். ஊற்றும் முன் பெரியவர் ஒருவர் தன் கையில் சூடு பார்க்க வேண்டும். பேத்தை நஞ்சு மீன், பார்த்துவிட்டுத் திருப்பி விட்டுவிடுவது, வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. முட்டை சுமந்த நண்டையும் விட்டுவிடுவோம்.

முழு நாளா, அரை நாளா என்று மச்சாள் கேட்டார். அரை நாள்கூட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஐந்தேகாலுக்குப் படகேறி ஒன்பதரைக்குக் கரையில். அதற்கு மேல் இருப்பது வெயிலும் சிணுங்கலும்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, வெளியூர்க்காரருக்கு இது தெரியாது. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறும். பிறகு 25 நாள் எங்கள் வீட்டில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. வெளிநாட்டுச் சனம் வருவது சரியாக அந்த நேரம்தான். கொடியேறிய பிறகு மீன் பிடித்தால் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆகவே அமாவாசைக்கு முந்திய வாரத்துக்குள் நாள் பார்த்திருக்கிறோம். நிலவு தேய்கிற நாள் என்பதால் நண்டும் சதையாக இருக்கும் என்று மாமி சொல்கிறார், நிலாக்காலத்து நண்டு வெறும் கோதாம்.

பரவைக்கடல் மீன் சின்னது என்று குறைப்பட்ட என் கணவருக்கும் மாமிதான் பதில் வைத்திருந்தார். "ஒடியல் கூழுக்குப் பெரிய மீன் என்னத்துக்கு?" உண்மைதான். காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் அந்தக் கூழுக்கு வேண்டியது பல வகை: இரண்டு கீளி, ஒரு ஓரா, நாலு நண்டு, ஒரு பிடி இறால், ஒரு திருக்கைத் துண்டு. பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி வீட்டில் இருக்கும். எட்டுப் பேர் பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடிக்க, களங்கட்டியில் ஒரு கூடை மீன் போதும். தீவுப்பக்கம் போய் ஒரு பெரிய சீலாவோடு வந்தால் குழம்பு வைக்கலாம், கூழ் காய்ச்ச முடியாது.

அப்படியாக, எட்டுப் பேரும் இரண்டு படகில் ஒரு விடியற்காலை பரவைக்கடலுக்கு. பெடியனும் இரண்டு தகப்பன்மாரும் வேறொரு நாள் தீவுப்பக்கம் போய்வரட்டும், காற்று விட்டால். விடாவிட்டால் பருத்தித்துறைப் பக்கம் கேட்டுப் பார்ப்போம். நான் அந்த நாள் மாமியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மணற்காட்டுக்குப் போகிறேன்.

றெஜிபோம் பெட்டி ஒன்று கடன் வாங்கியாகிவிட்டது. ஒடியல் மாவை முதல் நாள் இரவே நனைக்கப் போடுவதா, கடலுக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போவதா என்று மாமி இன்றைக்கு இரண்டாம் முறை கேட்கிறார். பயணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.